பன்னிரண்டாவது சரக்கு

கிரேன்காரர் குறட்டை விட ஆரம்பித்தபோது மணி எட்டே முக்கால். மூன்று மாதமாக அந்த வீட்டில் கேட்காத சத்தம். வேறொருத்தியாக இருந்தால் அப்பாடா என்று பக்கத்தில் படுத்திருப்பாள். எக்ஸ்ரே அக்கா எழுந்து போய்ச் சமையலறை விளக்கைப் போட்டு, மேடை மேலிருந்த பச்சை டப்பாவைத் திறந்து, அதற்குள் மூக்கை விட்டாள்.

"முதல் நாளே எப்படி?" என்று டப்பாவைக் கேட்டாள்.

டப்பாவின் மேல் அச்சடித்திருந்த நிலா கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

இருபத்திரண்டு வருஷமாக மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவள் அவள். சீட்டைக் கையில் வாங்கியதும் நோய் என்ன, எழுதிய டாக்டர் யார், தேதியைத் திருத்திய பேனா எந்தக் கடையில் வாங்கியது என்பதுவரை சொல்லிவிடுவாள். இருமல் மருந்து கேட்டு வருகிறவனிடம் "எங்க, இருமிக் காட்டுங்க" என்பாள். பாதிப் பேர் இருமாமலே படியிறங்கிவிடுவார்கள். கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர்தான் எக்ஸ்ரே. கடையைச் சாத்தும்போது எல்லா இயந்திரத்தையும் அணைத்துவிட்டு வருவாள். இந்த ஒன்றை மட்டும் ஓடவிட்டபடியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள்.

அவள் வீட்டுக்காரருக்கு வேலை ஆகாயத்தில். கட்டடம் எழும்புகிற இடத்தில் எழுபது மீட்டர் உயரக் கிரேன், அதன் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு, கூண்டுக்குள் அவர். கீழே நிற்கும் சைகைக்காரர் வாக்கிடாக்கியில் சொல்லச் சொல்ல, கம்பிக் கட்டையும் கான்கிரீட் வாளியையும் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி இறக்கிவைப்பார். பதினெட்டு வருஷத்தில் ஒருவர் மேலும் ஒரு கீறல் விழுந்ததில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் திடீரென்று தூக்கம் போனது. ஏன் என்று கேட்டால் "வயசாயிடுச்சு" என்றார். நாற்பத்தாறு ஒரு வயசா என்று கேட்டால் சுவரைப் பார்த்தார்.

கூண்டுக்குள் இருந்த கேமரா ஒருநாள் அவர் இரண்டு நொடி கண்ணயர்ந்ததைப் பிடித்துவிட்டது. பாதுகாப்பு அதிகாரி கடிதம் கொடுத்தார். தகுதிப் பரிசோதனை, வியாழக்கிழமை. கண் பார்ப்பார்கள், கை நடுங்குகிறதா என்று பார்ப்பார்கள், சிறுநீரையும் சோதிப்பார்கள். தூக்க மருந்தின் சுவடு இருந்தால், அது டாக்டரே எழுதிக்கொடுத்ததாக இருந்தாலும், கூண்டு கிடையாது. கீழே கிடங்கில் உட்கார்ந்து ஹெல்மெட் எண்ணலாம், ஓய்வு பெறும்வரை. ஆக, தூங்காமல் போனால் கை காட்டிக்கொடுக்கும். மாத்திரை போட்டுக்கொண்டு போனால் சிறுநீர் காட்டிக்கொடுக்கும். அதற்கு இன்னும் பத்து நாள் இருக்கும்போதுதான் நாத்தனார் இந்தப் பச்சை டப்பாவோடு வந்து இறங்கினார்.

நாத்தனாருக்கு உலகத்தில் உள்ள எல்லா வியாதிக்கும் ஒரு ஆளைத் தெரியும். போன வருஷம் தன் முழங்கால் வலிக்குத் தேனீக்களிடம் கொட்டு வாங்கிக்கொண்டார். வலி போனதா என்றால், வலி எங்கே என்றே தெரியாத அளவுக்கு வீங்கிவிட்டது என்று பெருமையாகச் சொல்வார். தம்பியின் தூக்கத்துக்கு அவர் கண்டுபிடித்த ஆள், துயில் ஆசான். தம்பியை அவரிடம் கூட்டிக்கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டுத்தான் டப்பாவோடு வந்திருந்தார்.

மறுநாள் காலையிலேயே வெற்றியைப் பார்வையிட வந்துவிட்டார்.

"பாத்தியா? அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கியிருக்கான் என் தம்பி."

"அதான் அண்ணி பயமா இருக்கு."

"தூங்கலைன்னாலும் பயம், தூங்கினாலும் பயமா? அப்ப அவன் என்னதான் பண்றது, பாதிக் கண்ணை மூடிக்கவா?"

"மூலிகைன்னா உடம்புல பிடிக்க வாரக்கணக்கா ஆகும் அண்ணி. முதல் நாளே ஆளைச் சாய்க்கிற சமாச்சாரம் எங்க கடையில இருக்கு. பூட்டின அலமாரியில."

"உனக்கு எல்லாமே உங்க கடை அலமாரிதான். இயற்கைன்னு ஒண்ணு இருக்குறதே மறந்துபோச்சு."

கிரேன்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். முகத்தில் இருந்த வீக்கம் வடிந்திருந்தது. அது அவளுக்கும் தெரிந்தது. "இங்க பாரு," என்றார். "மூணு மாசமா நான் கண்ணைத் திறக்கிறதுக்குள்ள விசாரணைக் கமிஷன் உக்காந்துடுது. தூங்கினீங்களா, எத்தனை மணிக்கு முழிச்சீங்க, நடுவுல எத்தனை தடவை எந்திரிச்சீங்க. அதைக் கொஞ்ச நாள் ஒத்திவை. எனக்குப் புண்ணியமாப் போகும்."

"நான் அக்கறையில கேட்டேன்."

"போலீஸும் அப்படித்தான் சொல்லும்," என்றார் நாத்தனார்.

எக்ஸ்ரே அக்கா புதன்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு ஆசானைப் பார்க்கப் போனாள்.

பஞ்சர் கடைக்கு மேலே, இரண்டு மாடி ஏற வேண்டும். 'இயற்கைத் துயிலியல் ஆய்வு நிலையம்' என்று பலகை. அதன் கீழே 'நிறுவனர், தலைவர், தலைமை ஆய்வாளர்: துயில் ஆசான்'. மூன்று பேரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். ஊதா வெளிச்சம். மூலையில் சின்னதாக ஒரு செயற்கை அருவி. தண்ணீரின் சத்தத்தைவிட மோட்டாரின் சத்தம் அதிகம். சுவரில் கண்ணாடி போட்ட சான்றிதழ்கள் ஏழு. வருகிறவர்கள் எண்ணிக்கையைப் பார்த்துத் திருப்திப்படுவார்கள். அவள் ஏழையும் படித்தாள். நான்கு, கருத்தரங்கில் கலந்துகொண்டதற்கு. இரண்டு, அவரே நடத்திய பயிற்சியில் அவருக்கே அவர் கொடுத்தது. ஏழாவது நீச்சல் போட்டிக்கு. அதிலும் ஆறுதல் பரிசு.

ஆசானுக்கு வெள்ளைத் தாடி, வெள்ளை அங்கி, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரல். இடக் கையில் பிறைநிலா பொறித்த செம்பு மோதிரம்.

"உறக்கம் என்பது வருவதல்ல, அம்மா," என்றார். "நாம் போவது."

"போறவங்க திரும்பி வரணும்ல. அதான் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். பொடியில என்ன இருக்கு?"

"பன்னிரண்டு சரக்கு." விரலை மடக்கினார். "அமுக்கரா. சாதிக்காய். சடாமாஞ்சில். வல்லாரை. நீர்ப்பிரம்மி. அதிமதுரம்..." ஏலக்காயில் வந்து நின்றார். அவளும் தன் விரலை மடக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"பதினொண்ணுதான் ஆச்சு."

"பன்னிரண்டாவதைச் சொன்னால் அது வேலை செய்யாது."

"சொல்லாம குடுத்தா அதுக்கு வேற பேரு சார்."

ஆசான் கோபப்படவில்லை. உயர்ந்தவர்கள் கோபப்படாமல் இருக்கும்போது பண்ணுகிற அந்தப் புன்னகையைப் பண்ணினார். பிறகு ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். நான்கு மணிக்கு மேல் டீ கூடாது. படுக்கும் அறைக்குள் போன் கூடாது. ஏழரைக்கு வெந்நீரில் கால். எட்டு மணிக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ஸ்பூன் பொடி, எட்டரைக்கு விளக்கணைப்பு. வீட்டில் யாரும் தூக்கம் என்ற சொல்லை எடுக்கக் கூடாது.

அட்டையை வாங்கும்போது அவள் கவனித்தது வேறு. ஆசானின் கண்ணுக்குக் கீழே பவுடர் கனமாக இருந்தது. அவள் உட்கார்ந்திருந்த கால் மணி நேரத்தில் மூன்று கொட்டாவியை வாயைத் திறக்காமல் விழுங்கினார். விரல் நுனி லேசாக ஆடியது. இதெல்லாம் கவுண்டருக்கு அந்தப் பக்கம் அவள் பார்த்துப் பழகிய சாமுத்திரிகா லட்சணம். ஆனால் யோசனை முழுக்க அந்தப் பன்னிரண்டாவதிலேயே நின்றதால், பார்த்ததை மனதில் ஒரு ஓரமாக வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தப் பன்னிரண்டாவது சரக்கு தானாகவே கடைக்கு நடந்து வந்தது.

புருவம்வரை இறக்கிய தொப்பி, மூக்குவரை ஏற்றிய கறுப்பு முகக்கவசம், கழுத்துவரை மூடிய சட்டை. தாடியைச் சட்டைக்குள் செருகியிருந்ததால் நெஞ்சு கொஞ்சம் உப்பியிருந்தது. சீட்டைக் கவுண்டரில் வைத்த இடக் கையில் பிறைநிலா மோதிரம். மாறுவேஷம் போடுகிறவர்கள் எல்லாம் போட்டுவிட்டு மோதிரத்தை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

சீட்டிலிருந்த பெயரில் துயிலும் இல்லை, ஆசானும் இல்லை. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேட்டில் கூப்பிடுகிற மாதிரி ஒரு சாதாரணப் பெயர். தூக்க மாத்திரை, இரவில் இரண்டு, மொத்தம் முப்பது. டாக்டரின் கையெழுத்து சரி, முத்திரை சரி, தேதி சரி.

"யாருக்கு சார்?"

"ஒரு... உறவினருக்கு." குரல் கிணற்றிலிருந்தே வந்தது.

எக்ஸ்ரே அக்கா முகத்தில் ஒன்றும் காட்டாமல் பூட்டிய அலமாரியைத் திறந்து, மூன்று அட்டையை எடுத்துக் கொடுத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கினாள். அவர் படியிறங்கியதும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். சந்தேகம் சரியாகப் போனதில் ஒரு சந்தோஷம் உண்டு. அவளுக்கு அது பழக்கமான சந்தோஷம். இந்தத் தடவை அது வந்து எட்டிப்பார்த்துவிட்டு உடனே போய்விட்டது. மாத்திரையை அரைத்துக் கலக்குகிறான் பாவி. வீட்டுக்காரர் நான்கு நாளாக அதைத்தான் குடிக்கிறார். சில மாத்திரை அஞ்சு நாள்வரை சிறுநீரில் நிற்கும். வியாழனுக்கு ஆறு இரவு இருக்கிறது. இன்றைக்கே நிறுத்தினால் தப்பலாம்.

நிறுத்துவது எப்படி என்பதுதான் கேள்வி. வீட்டுக்காரரிடம் சொல்லலாம். சொன்ன நிமிஷம் அந்த மனுஷனுக்கு வந்த தூக்கம் மறுபடி ஓடிவிடும். நாத்தனார் நடுவீட்டில் நீதிமன்றம் கூட்டுவார். வியாழக்கிழமை கை ஆடும். சொல்லாமல் டப்பாவை ஒளித்தாலும் அதே கதிதான்.

சாயங்காலம் வெந்தயத்தையும் சுக்கையும் கருக வறுத்து, மிக்ஸியில் அரைத்து, சல்லடையில் சலித்தாள். நிறம் ஒத்துப்போனது. கசப்பு கொஞ்சம் முன்னே பின்னே. ஆசானின் பொடியை ஒரு கவரில் கொட்டி, மேலே தேதி எழுதி, சோப்பு டப்பாக்களுக்குப் பின்னால் தடயமாகப் பாதுகாத்தாள். நிலா போட்ட டப்பாவில் வெந்தயம் ஏறியது. நிலா அதற்கும் அதே சிரிப்புத்தான் சிரித்தது.

அன்றைக்கு எட்டே முக்காலுக்குக் குறட்டை. பழைய மருந்து உடம்பில் மிச்சமிருக்கிறது என்று முடிவு செய்தாள். சனிக்கிழமை, எட்டே முக்கால். மிச்சம் கொஞ்சம் அதிகம்போல. ஞாயிறன்று எட்டு நாற்பதுக்கே. அவள்தான் பக்கத்தில் படுத்து மூச்சை எண்ணிக்கொண்டு கிடந்தாள். இப்போது நிற்கும், இப்போது முழிப்பார், இப்போது எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார். போகவில்லை. திங்கள் மத்தியானம் கடையில் வயிற்றுவலிக்காரருக்குக் கண்ணில் விடும் சொட்டு மருந்தை நீட்டினாள். "வயித்துல கண்ணு இருக்கான்னு பாக்கச் சொல்றீங்களாக்கா?" என்றார் அவர். முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "அக்கா, உங்களை யாராவது எக்ஸ்ரே எடுக்கணும் போல இருக்கே."

செவ்வாய்க்கிழமை காலை கிரேன்காரர் டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார். "இப்பதான் பொடி உடம்புல நல்லாப் பிடிக்குது. கசப்புகூட மாறிடுச்சு, கவனிச்சியா? ரெண்டாம் கட்டம் போல. ஆசான் லேசுப்பட்ட ஆள் இல்ல."

"ம்," என்றாள்.

வியாழன். கவுண்டர் மேலே போனை வைத்துவிட்டு, பத்து மணியிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூண்டு போனால் சம்பளம் குறையும், அது ஒரு பக்கம். கீழே கிடங்கில், தரையில், ஹெல்மெட்டுகளுக்கு நடுவில் அவரை நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவர் பகல் முழுக்க மேகத்துக்குப் பக்கத்தில் இருந்துவிட்டு வருகிற ஆள். இரண்டரை மணிக்குப் போன் அடித்தது.

"சொல்லுங்க."

"அதிகாரி புட்டியைத் தூக்கி வெளிச்சத்துல பாத்தார். சோதிக்கிற பட்டையை உள்ள விட்டார். பட்டையைப் பாத்தார். என்னைப் பாத்தார்."

"என்னங்க, சொல்லித் தொலைங்க."

"சுத்தம்னு எழுதிக் குடுத்துட்டார். கையும் கல்லு மாதிரி நின்னுச்சு. நாளைக்கு மேல ஏறுறேன். ஏய், இந்த வயசுல என் மூத்திரத்துக்கு நற்சான்றிதழ் கிடைச்சிருக்கு. கண்ணாடி போட்டு மாட்டிடலாமா?"

"மாட்டலாம். ஏழு மாட்டினவங்களே இருக்காங்க," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் நாத்தனார் வந்து நின்ற தோரணையைப் பார்த்தால் புட்டியில் இருந்தது அவருடையதுதான் என்று தோன்றும். "பழக்கூடையோட ஆசானைப் போய்ப் பாக்கணும். நீயும் வா. வந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடு."

எக்ஸ்ரே அக்கா சிரித்து வைத்தாள். தன் வெந்தயம் ஆளைக் காப்பாற்றியதற்கு இவர்கள் வேறொருவனுக்குப் பழக்கூடை தூக்குகிறார்கள். தூக்கட்டும். சோப்பு டப்பாக்களுக்குப் பின்னால் தடயம் இருக்கிறது. அடுத்த தடவை சீட்டோடு வரட்டும், வைத்துக்கொள்கிறேன் என்று இருந்தாள்.

அவர் அடுத்த வாரம் சனிக்கிழமையே வந்தார். அதே தொப்பி, அதே உப்பிய நெஞ்சு, புதுச் சீட்டு. முதலாளி சாப்பிடப் போயிருந்தார். கடையில் வேறு யாரும் இல்லை. அவள் சீட்டைத் தொடவில்லை.

"உக்காருங்க ஆசான்."

தொப்பி ஒரு நிமிஷம் அசையாமல் நின்றது. பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தது.

"எத்தனை பேருக்கு இதை அரைச்சுக் கலக்குறீங்க? என் வீட்டுக்காரர் எழுபது மீட்டர் உயரத்துல வேலை பாக்குறவர். அவர் கீழ விழுந்தாலும் போச்சு, அவர் கையிலிருந்து எதாவது விழுந்தாலும் போச்சு. மூலிகைன்னு சொல்லி மாத்திரையைக் குடுக்க எப்படி மனசு வந்தது?"

ஆசான் முகக்கவசத்தை இறக்கினார். தாடி மெதுவாகச் சட்டையிலிருந்து வெளியே வந்தது. பவுடர் இல்லாத கண்ணுக்குக் கீழே கரி பூசிய மாதிரி இருந்தது. பேசியபோது கிணறு தூர்ந்துபோயிருந்தது. சாதாரண மனுஷக் குரல்.

"அம்மா, நீங்க மருந்துக்கடைக்காரங்க. நீங்களே கணக்குப் பாருங்க. மாசத்துக்கு இருநூறு டப்பா போகுது. ஒரு டப்பாவுல அறுபது ஸ்பூன். முப்பது மாத்திரையை எதுல போட்டு எதுல கலக்குறது?"

எக்ஸ்ரே அக்கா கவுண்டர் மேலிருந்த புதுச் சீட்டைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷமாக மாத்திரை எண்ணுவதுதான் தொழில். முப்பதை எண்ணிக் கொடுத்தவள், அதை வகுத்துப் பார்க்கவில்லை. 'இரவில் இரண்டு' என்று எழுதியிருந்தது. முப்பது மாத்திரை, பதினைந்து ராத்திரி. இன்றைக்குப் பதினைந்தாவது நாள். கண்ணுக்குக் கீழே பவுடர், விழுங்கின கொட்டாவி, ஆடுகிற விரல். எல்லாம் படமாக எடுத்து வைத்திருந்தாள். படத்தைத்தான் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

"உறவினருக்குன்னு சொன்னீங்களே."

"நெருங்கின உறவுதான்," என்றார் ஆசான். "எட்டு வருஷமா. இது வெளிய தெரிஞ்சா பலகையைக் கழட்டிட்டு பஞ்சர் கடையில வேலை கேக்க வேண்டியதுதான்."

"அப்ப உங்க பொடி?"

"நல்ல பொடிதான். சத்தியமா பதினொரு மூலிகை. சிலருக்குக் கேக்குது. எனக்குக் கேக்கல. என்ன போட்டிருக்கேன்னு எனக்குத்தான் தெரியுமே."

"பன்னிரண்டாவது?"

"அது ஒண்ணும் இல்லம்மா. பன்னிரண்டுன்னா கேக்க நல்லா இருக்கும்."

பிறகு ஆசான் தொண்டையைச் செருமினார். "ஒண்ணு கேக்கலாமா? உங்க வீட்டுக்காரர் என் ரூம்ல முக்கால் மணி நேரம் பேசினார். வாளிக் கதை. நிஜமாச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அவர் பேசப் பேச எனக்குக் கண்ணு சொருகிடுச்சு. எட்டு வருஷத்துல மாத்திரை இல்லாம நான் தூங்கினது அந்த இருபது நிமிஷம்தான். நான் கண்ணை மூடித் தியானத்துல கேக்குறேன்னு அவர் நினைச்சுட்டார். வாளி காத்துல ஆடுச்சு, கீழ ஒருத்தர் குனிஞ்சு கம்பி கட்டிக்கிட்டு இருந்தார். அதுவரைக்கும் கேட்டேன். அந்த ஆளுக்கு என்ன ஆச்சு?"

எக்ஸ்ரே அக்காவுக்கு எந்த வாளி என்று தெரியாது. எந்த ஆள் என்று தெரியாது. மூன்று மாதமாகக் காலையும் மாலையும் விசாரித்தவள் அவள். எத்தனை மணி நேரம் தூக்கம், எத்தனை தடவை விழிப்பு என்று கேட்டாளே ஒழிய, விழித்துக்கொண்டு எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று கேட்கவில்லை.

"தெரியல," என்றாள். இந்த வார்த்தையை அந்தக் கவுண்டருக்குப் பின்னாலிருந்து அவள் சொன்னது அநேகமாக முதல் தடவை.

சீட்டுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். "ஒரேயடியா நிறுத்திடாதீங்க, ஆபத்து. டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கச் சொல்லுங்க." அவர் எழுந்தபோது, போனால் போகிறது என்று அதையும் சொன்னாள். "பரிசோதனைக்கு முன்னாடி ஆறு நாள் அவர் குடிச்சது உங்க பொடி இல்ல. நான் மாத்திட்டேன்."

ஆசானின் முகத்தில் வந்த பசியை அவள் அதற்குமுன் எந்த நோயாளியிடமும் பார்த்ததில்லை. "தூங்கினாரா? எதை வெச்சு மாத்தினீங்க?"

"சொன்னா வேலை செய்யாது."

"அம்மா, எனக்கும் கொஞ்சம்..."

கைப்பையில் ஒரு பொட்டலம் இருந்தது. இரண்டு வாரமாகத் தேய்ந்திருந்த டப்பாவில் நிரப்புவதற்காக அன்று காலை அரைத்தது. பாதியைக் கடைக் கவரில் கொட்டி, எட்டு மணிக்கு ஒரு ஸ்பூன் என்று எழுதிக் கொடுத்தாள். நிறுவனரும் தலைவரும் தலைமை ஆய்வாளரும் அதைச் சந்தேகமாக மோந்து பார்த்துக்கொண்டே படியிறங்கிப் போனார்கள்.

அன்றைக்கு ஏழரை மணி. கிரேன்காரர் வெந்நீர் வாளியில் காலை விட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் எதிரே சோபாவில் உட்கார்ந்தாள்.

"என்னங்க. அந்த ஆளுக்கு என்ன ஆச்சு?"

"எந்த ஆளுக்கு?"

"குனிஞ்சு கம்பி கட்டிக்கிட்டு இருந்தவருக்கு."

தண்ணீருக்குள் கால் விரல்கள் அசைவதை நிறுத்தின. "உனக்கு யார் சொன்னா?"

"ஆசான் கடைக்கு வந்தார்."

"எதுக்கு?"

"இருமல்," என்றாள். இருமிக் காட்டச் சொன்னாயா என்று அவர் கேட்கவில்லை.

"அவனுக்கு ஒண்ணும் ஆகல." குனிந்து வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "திடீர்னு ஒரு காத்து. வாளி என் பேச்சைக் கேக்கல. அவன் தலைக்கு ஒரு சாண் தள்ளிப் போயி நின்னுச்சு. அவன் நிமிர்ந்துகூடப் பாக்கல. கட்டி முடிச்சான், முதுகை நெளிச்சான், தண்ணி குடிக்கப் போயிட்டான். சைகைக்காரர் அந்தப் பக்கம் திரும்பியிருந்தார். யாருக்கும் தெரியாது. அவனுக்கே இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

"அப்ப..."

"எனக்குத் தெரியுமே."

அவளுக்குள் முப்பது கேள்வி வரிசை கட்டி நின்றது. காற்று எவ்வளவு வேகம், மீட்டர் என்ன காட்டியது, ஏன் என்னிடம் சொல்லவில்லை. முப்பதையும் எண்ணிப் பார்த்து அப்படியே அலமாரியில் வைத்துப் பூட்டினாள். "முதல்லேருந்து சொல்லுங்க," என்றாள்.

அவர் காலைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய், இரண்டு டம்ளரோடு வந்தார். "முதல்ல இதைக் குடி. உன் கண்ணைப் பாத்தியா? ரெண்டு வாரமா ஆந்தை மாதிரி என்னையே பாத்துக்கிட்டுப் படுத்திருக்க. ஆசான் பொடி. கேள்வி கேக்காம குடி."

தானே வறுத்து, தானே அரைத்து, தானே சலித்த வெந்தயத்தை எக்ஸ்ரே அக்கா ஒரே மடக்கில் குடித்தாள். இது நமக்கு எங்கே வேலை செய்யப்போகிறது என்று நினைத்துக்கொண்டே சோபாவில் சாய்ந்தாள். அவர் முதலிலிருந்து ஆரம்பித்தார். அன்றைக்குக் காலையில் ஏணி ஏறியது, கூண்டுக் கண்ணாடியில் பனி இருந்தது, சைகைக்காரருக்குச் சளி பிடித்திருந்தது. வாளி இரண்டாம் தடவை ஆடுவதற்குள் அவள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போயிருந்தாள். கதையின் முக்கியமான கட்டத்தில் இப்படிச் செய்தது அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். தலையணையை எடுத்து வந்து அவள் கழுத்துக்குக் கீழே வைத்துவிட்டு, மீதியைக் குரலைத் தாழ்த்திச் சொல்லி முடித்தார்.

காலையில் அவள் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது கூடத்தில் போன் பேச்சு கேட்டது.

"அக்கா, உனக்கு ஒண்ணு தெரியுமா? அந்தப் பொடி இவளுக்கும் கேக்குது. ஆமா, முதல் நாளே. எட்டு மணிக்கு மட்டையாயிட்டா... இரு, ஸ்பீக்கர்ல போடுறேன்."

"இப்பவாவது நம்புறியா?" என்றார் நாத்தனார், வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி.

வாய் நிறைய நுரை இருந்தது. மறுத்துச் சொல்ல வழியில்லாமல், எக்ஸ்ரே அக்கா கண்ணாடியைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.